காலையில் ஒரு பள்ளி, பிற்பகலில் ஒரு பள்ளி: மலாய்க் கம்பத்துப் பிள்ளைகள் படித்த கதை

ஐம்பது வயதைத் தாண்டிய மலாய்க்காரர் யாரிடமாவது தொடக்கப்பள்ளி நாட்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பேச்சு ஒரு பள்ளிக்கூடத்தோடு நிற்காது. காலையில் வெள்ளைச் சட்டையும் நீலக் கால்சட்டையும் போட்டுக்கொண்டு போன அரசாங்கப் பள்ளி ஒன்று. மதியம் வீட்டுக்கு ஓடிவந்து, சோறு சாப்பிட்டு, பாஜு மலாய் என்ற மலாய்ச் சட்டையும் சொங்கோக் தொப்பியும் மாட்டிக்கொண்டு போன சமயப் பள்ளி இன்னொன்று. பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை முடிந்ததும் கம்பத்துப் (மலாய்க் கிராமத்துப்) பெரியவர் ஒருவரின் வீட்டு முன்கூடத்தில் குர்ஆன் ஓதப் போனது மூன்றாவது. இந்த மூன்றையும் சேர்த்துத்தான் அவர்கள் 'பள்ளிக்கூட நாள்' என்று சொல்கிறார்கள்.

மலேசியத் தமிழர்களான நாம் இதே மனிதர்களோடு ஒரே ஊரில், ஒரே ஆற்றங்கரையில் வளர்ந்தவர்கள். ஆனாலும் நம்மில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்குப் போனோம், அவர்கள் கம்பத்து மலாய்ப்பள்ளிக்குப் போனார்கள். பந்து விளையாடும்போதும் ரம்புத்தான் மரத்தடியிலும் சந்தித்துக்கொண்டோமே தவிர, வகுப்பறையில் சந்தித்தது குறைவு. அதனால் அவர்களுடைய பிள்ளைப்பருவம் ஏன் இப்படி இரண்டாகவும் மூன்றாகவும் பிரிந்து கிடந்தது என்பது நமக்குச் சரியாகத் தெரியாது. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. பெரும்பகுதி 1872இல் ஒரு வெள்ளைக்கார அதிகாரி செய்த ஏற்பாட்டிலிருந்து வருகிறது.

அதற்கு முன்பும் மலாய்ப் பிள்ளைகள் படித்துக்கொண்டுதான் இருந்தார்கள். எப்படிப் படித்தார்கள் என்பதற்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிக நல்ல சாட்சி முன்ஷி அப்துல்லா. 1796இல் மலாக்காவில் பிறந்தவர். ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து தங்கிய அரபு முன்னோரின் வழியில் வந்தவர். அவருடைய சுயசரிதை 1849இல் அச்சாகி வெளிவந்தது. அதில் தம்முடைய பள்ளி நாட்களை ஒளிவுமறைவு இல்லாமல் எழுதியிருக்கிறார். கம்போங் பாலி என்ற இடத்தில் அவருடைய பாட்டியே குர்ஆன் பள்ளி நடத்தினார். ஆணும் பெண்ணுமாகப் பிள்ளைகள் அங்கே வந்து ஓதினார்கள்.

தண்டனைகளைப் பற்றி அவர் எழுதியிருக்கும் பகுதியை நான் பல தடவை திரும்பப் படித்திருக்கிறேன். பிரம்புத் துண்டுகளுக்கு நடுவே விரல்களை வைத்து நெருக்குவது ஒன்று. ஓடிப்போன பிள்ளையின் இடுப்பில் சங்கிலி கட்டி, அதோடு மரக்கட்டையைச் சுமக்கவிடுவது ஒன்று. இடது கையால் வலது காதையும் வலது கையால் இடது காதையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து எழுவது இன்னொன்று. கடைசியாகச் சொன்னது நம் தோப்புக்கரணமேதான். நம் வீட்டுப் பிள்ளைகள் பிள்ளையார் முன்னாலும் வாத்தியார் முன்னாலும் போட்டதை மலாக்காவில் ஒரு மலாய்ப் பிள்ளை குர்ஆன் பள்ளியில் போட்டிருக்கிறான்.

இன்னொரு செய்தியும் அங்கே இருக்கிறது. அப்துல்லாவை அவருடைய தந்தை தனியாக ஓர் ஆசிரியரிடம் தமிழ் படிக்க அனுப்பினார். மலாக்காவில் வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் படிப்பது பழைய வழக்கம் என்றும், கணக்கு வழக்குக்கு அது தேவைப்பட்டது என்றும் அவரே காரணம் சொல்கிறார். நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை வணிகர்கள் மலாக்காத் துறைமுகத்தில் கடை விரித்திருந்த காலம் அது.

சரி, இப்போது ஆங்கிலேயர் காலத்துக்கு வருவோம். பினாங்கு குளுகோரில் 1821இலேயே மலாய்ப் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி தொடங்கியது. 1856இல் சிங்கப்பூர் தெலுக் பிளாங்காவில் ஒன்று வந்தது. இவை பெரிதாகப் பரவவில்லை. பெற்றோருக்கு இரண்டு தயக்கங்கள் இருந்தன. பாதிரிமார் தொடர்புள்ள பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளை மதம் மாறிவிடுவானோ என்ற பயம் ஒன்று. நாற்று நடவும் வலை இழுக்கவும் எருமை மேய்க்கவும் கை குறைந்துவிடும் என்ற கணக்கு மற்றொன்று. இரண்டாவது கவலை நம் கிராமங்களிலும் இருந்ததுதானே.

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் பள்ளி ஆய்வாளராக 1872இல் பொறுப்பேற்ற ஏ.எம். ஸ்கின்னர் இந்தத் தயக்கத்தைப் புரிந்துகொண்டு வேலை செய்தார். புதிய பள்ளி கட்டிப் பிள்ளைகளைக் கூப்பிடுவதைவிட, பிள்ளைகள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் குர்ஆன் பள்ளிக்குள்ளேயே மலாய்மொழியையும் கணக்கையும் கொண்டுபோவது எளிது என்று கண்டார். காலையில் மலாய் எழுத்து, வாசிப்பு, கணக்கு, பிற்பகலில் குர்ஆன். காலைப் பாடத்துக்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கும். பிற்பகல் ஓதலுக்குப் பெற்றோர்தான் கொடுக்க வேண்டும். இந்த ஏற்பாடு பிடித்துக்கொண்டது. பிற்பாடு பேராக், சிலாங்கூர் போன்ற மலாய் மாநிலங்களுக்கும் இதே பாணி பரவியது.

இன்றைக்கும் மலாய்ப் பிள்ளையின் நாள் மதியத்தோடு இரண்டாக முறிவதற்கு இதுவே வேர். ஒரு நிர்வாக வசதிக்காகப் போட்ட கோடு ஒன்றரை நூற்றாண்டாகப் பிள்ளைகளின் உடையையும் சாப்பாட்டு நேரத்தையும் விளையாட்டு நேரத்தையும் தீர்மானித்து வருகிறது. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தவர் சிக்கு, அதாவது பள்ளி ஆசிரியர். அந்தப் பக்கம் இருந்தவர் உஸ்தாஸ், அதாவது சமய ஆசிரியர். பிள்ளைகளுக்கு இருவரிடமும் பயம் உண்டு, ஆனால் இரண்டும் வேறு வேறு பயம்.

காலைப் பள்ளி என்ன சொல்லிக்கொடுத்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. மலாய் விவசாயியின் மகன் நல்ல விவசாயியாகவும், மீனவரின் மகன் நல்ல மீனவராகவும் ஆனால் போதும் என்பதுதான் அன்றைய ஆங்கிலேய அதிகாரிகள் பலரின் வெளிப்படையான கொள்கை. ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தால் மண்ணை விட்டுவிட்டு அலுவலக வேலை கேட்டு வருவார்கள், கிடைக்காவிட்டால் கலகம் செய்வார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். இந்தியாவைக் காட்டி இந்தப் பயத்தைப் பேசியவர்களும் உண்டு.

மலாய்ப் பள்ளிகளுக்குப் பொறுப்பாக இருந்த ஆர்.ஓ. வின்ஸ்டெட் 1916இல் ஜாவாவுக்கும் பிலிப்பைன்சுக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மறு ஆண்டு அறிக்கை கொடுத்தார். மலாய் மொழியையும் இலக்கியத்தையும் ஆழமாகப் படித்த அறிஞர் அவர். ஆனால் கம்பத்துப் பிள்ளைக்கு அவர் வகுத்த பாடத்திட்டம் நான்கு ஆண்டுப் படிப்பு, தோட்ட வேலை, கூடை முடைதல். பள்ளிக்குப் பின்னால் காய்கறிப் பாத்தி, வகுப்பில் மூங்கிலும் பிரம்பும். அந்தத் தலைமுறைப் பெரியவர்கள் இதைச் சந்தோஷமாகவே நினைவுகூர்வார்கள். மண்ணைக் கிளறுவது எந்தப் பிள்ளைக்குத்தான் பிடிக்காது? ஆனால் அதே நேரத்தில் கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் ஆங்கிலப் பள்ளியில் உட்கார்ந்திருந்த பட்டணத்துப் பிள்ளைக்கு பூகோளமும் விஞ்ஞானமும் கேம்பிரிட்ஜ் தேர்வும் காத்திருந்தன. கம்பத்துப் பிள்ளைக்கு நான்காம் வகுப்போடு கதவு மூடிக்கொண்டது.

ஒரு சின்ன இடைவெளி மட்டும் இருந்தது. கெட்டிக்காரப் பையன்கள் சிலருக்கு ஆங்கிலப் பள்ளிகளில் 'சிறப்பு மலாய் வகுப்பு' என்று ஒன்று வைத்திருந்தார்கள். அதில் ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டால் மேலே போகலாம். 1905இல் கோலகங்சாரில் தொடங்கிய மலாய்க் கல்லூரியோ முதலில் அரச குடும்பத்து, பிரபுக்கள் வீட்டுப் பையன்களுக்கானது. பின்னாளில் பிரதமரான மகாதீர் முகமது அலோர்ஸ்டாரில் செபராங் பேராக் மலாய்ப் பள்ளியில் தொடங்கி ஆங்கிலப் பள்ளிக்கு மாறியவர். நடிகரும் பாடகருமான பி. ரம்லி பினாங்கில் கம்போங் ஜாவா மலாய்ப் பள்ளியில் தொடங்கியவர். இப்படித் தாண்டிப் போனவர்களின் பெயர் நமக்குத் தெரிகிறது. தாண்ட முடியாமல் நான்காம் வகுப்போடு வயலுக்குத் திரும்பிய ஆயிரக்கணக்கானவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. அதே காலத்தில் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்த நம் தாத்தா பாட்டிகளின் கதையும் ஏறக்குறைய இதுதான். அவர்களை ரப்பர் மரத்தடியில் நிறுத்தி வைத்த அதே கணக்கு, மலாய்க்காரர்களை வயலில் நிறுத்தி வைத்தது.

ஆனால் பள்ளியை நடத்தியவர்கள் எதிர்பார்க்காத ஒன்று ஆசிரியர் பயிற்சியில் நடந்தது. மலாக்காவிலும் மாத்தாங்கிலும் இருந்த பயிற்சிக் கல்லூரிகளுக்குப் பதிலாக 1922 நவம்பரில் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் கம்பத்துப் பையன்கள் ஒரே விடுதியில் வந்து தங்கினார்கள். கிளந்தான்காரனும் ஜொகூர்காரனும் முதல்முறையாக ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். அங்கே மொழிபெயர்ப்புப் பிரிவில் வேலை செய்த ஸஅபா என்ற ஸைனல் அபிடின் அகமது மலாய் இலக்கணத்துக்கும் எழுத்துமுறைக்கும் வடிவம் கொடுத்தார். 1938இல் மலாய் இளைஞர் சங்கத்தைத் தொடங்கிய இப்ராஹிம் யாக்கோப் அந்தக் கல்லூரியில் படித்தவர். கூடை முடையக் கற்றுக்கொடுக்க அனுப்பிய ஆசிரியர்கள், கம்பத்துக்குத் திரும்பியபோது செய்தித்தாளும் நாட்டுப்பற்றும் கொண்டுவந்தார்கள். 1946இல் மலாய்க்காரர்களின் அரசியல் கட்சியான அம்னோ உருவானபோது அதைக் கம்பம் கம்பமாகக் கொண்டுசென்றவர்களில் மலாய்ப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்தப் பின்னணி தெரிந்தால்தான், பழைய மலாய் நினைவுகளில் சிக்குவுக்கு ஏன் அவ்வளவு பெரிய இடம் என்பது புரியும். கம்பத்தில் கடிதம் எழுதித் தருபவர் அவர். நில வரி நோட்டீஸ் வந்தால் வாசித்துச் சொல்பவர் அவர். சைக்கிளும் பிறகு மோட்டார்சைக்கிளும் முதலில் வாங்கியவர்களில் ஒருவர். பிள்ளையைக் கொண்டுவந்து விடும் தகப்பன், 'கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள், மற்றதெல்லாம் உங்கள் பாடு' என்ற பொருளில் சொல்லிவிட்டுப் போவார் என்று மலாய் நண்பர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். 'கண்ணை விட்டுத் தோலை உரியுங்கள்' என்று நம் ஊரில் சொன்ன அதே பேச்சு. அப்புறம், அந்தத் தஞ்சோங் மாலிம் கல்லூரிதான் இன்று சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம். நம் தமிழ் ஆசிரியர்களும் அங்கே படித்து வெளியே வருகிறார்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தாமதமாகத்தான் வந்தது. வீட்டில் குர்ஆன் ஓதக் கற்றுக்கொண்டால் போதும், எழுதக் கற்றால் காதல் கடிதம் எழுதுவாள் என்று தடுத்த குடும்பங்கள் உண்டு. மலாய்ப் பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மலாக்காவில் டுரியான் டாவுனில் 1935இல்தான் வந்தது. அங்கிருந்து பயிற்சி முடித்து வந்த ஆசிரியைகளைப் பார்த்தபிறகே பல பெற்றோர் மகள்களை அனுப்பத் துணிந்தார்கள்.

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் இதே பள்ளிகளில் ஜப்பானிய மொழியும், கிழக்கு நோக்கிக் குனிந்து வணங்குவதும், காலை உடற்பயிற்சியும் புகுந்தன. அந்தப் பாட்டுகள் மறக்கவே இல்லை என்று சொன்ன முதியவர்கள் மலாய்க்காரர்களிலும் உண்டு, நம்மவர்களிலும் உண்டு.

பெரிய திருப்பம் சுதந்திரத்தை ஒட்டி வந்தது. 1956இன் ரசாக் அறிக்கையும், 1960இன் ரஹ்மான் தாலிப் அறிக்கையும், அதைத் தொடர்ந்த 1961 கல்விச் சட்டமும் கம்பத்து மலாய்ப் பள்ளியைத் தேசியப் பள்ளியாக்கின. தமிழ், சீனப் பள்ளிகள் தேசிய மாதிரிப் பள்ளிகள் ஆயின. 1962 முதல் தொடக்கக்கல்விக்குக் கட்டணம் இல்லை. 1964இல் இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டார்கள். ஆறாம் வகுப்போடு நின்றிருக்க வேண்டிய பிள்ளைகள் தாமாகவே மேல் வகுப்புக்குப் போனார்கள். கம்பத்துப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதைச் சட்டத்தின் வாசகத்தில் பார்க்க முடியாது. அந்த ஆண்டுகளில் படித்தவர்களின் வீட்டில் பாருங்கள். அண்ணன் நான்காம் வகுப்பு, மீனவர். தம்பி ஐந்தாம் படிவம், தபால் அலுவலகத்தில் வேலை. கடைக்குட்டி பட்டதாரி. ஒரே வீட்டில் மூன்று காலங்கள் இருக்கும்.

1960களிலும் 70களிலும் பிள்ளைகளாக இருந்தவர்கள்தான் இன்று அதிகம் நினைவுகளைப் பேசுகிறவர்கள். அவர்களுடைய நாள் இருட்டிலேயே தொடங்கும். ரப்பர் சிறுதோட்டக்காரர் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் பெற்றோரோடு போய் மரம் சீவவோ பால் எடுக்கவோ உதவிவிட்டுத்தான் பள்ளிக்கு வருவான். தோட்டத்தில் வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரப்பர் விலை விழுந்தால் இரண்டு பக்கத்திலும் அடுப்பு அணைந்தது. 1974 கடைசியில் கெடா மாநிலத்துப் பாலிங்கில் பசி தாங்காமல் விவசாயிகள் திரண்டு எழுந்ததற்கு அந்த விலை வீழ்ச்சிதான் காரணம். மறு ஆண்டு பாடநூல் இரவல் திட்டம் வந்தது. பிறகு ஏழைப் பிள்ளைகளுக்குத் துணை உணவுத் திட்டமும் வந்தது. முந்தைய ஆண்டு படித்த பிள்ளையின் பெயர் எழுதிய பாடநூல் கைக்குக் கிடைத்ததும், அந்தப் பெயர் யாருடையது என்று தேடிப் பார்த்ததும் அந்தத் தலைமுறைக்குப் பொதுவான நினைவு.

இடைவேளையில் வாழையிலையில் மடித்த நாசி லெமாக், கண்ணாடிக் குவளையில் சிவப்புச் சிரப் தண்ணீர். பள்ளி வாசலில் ஐஸ் கட்டியைச் சீவி, உருட்டி, சிரப் ஊற்றிக் கையில் கொடுக்கும் உருண்டை ஐஸ். அது கரைந்து முழங்கை வரை வழிவதற்குள் உறிஞ்சி முடிக்க வேண்டும். விளையாட்டுகளைக் கேட்டால் நம்முடையவை போலவே இருக்கும். ஐந்து கல்லை வைத்து ஆடும் பத்து செரம்பான் ('பத்து' என்றால் மலாயில் கல்) நம் அஞ்சாங்கல். சொங்காக் பலகையைப் பார்த்தால் எந்தத் தமிழ்ப் பாட்டியும் பல்லாங்குழி என்றுதான் சொல்வார். காலா பாஞ்சாங் ஆட்டத்தில் கோடு போட்டு மறிப்பது கிளித்தட்டைப் போன்றது.

பிற்பகல் பள்ளி எல்லா மாநிலத்திலும் ஒரே மாதிரி இருந்ததில்லை. சமயம் மாநில சுல்தானின் அதிகாரத்தில் இருப்பதால் ஒவ்வொரு மாநிலமும் தன் வழியில் நடத்தியது. ஜொகூர்க்காரர்களிடம் பேசினால் சமயப் பள்ளி நினைவு அவர்களுக்கு மற்றவர்களைவிடக் கனமாக இருப்பதைக் காணலாம். அங்கே அது முழுமையான ஒரு பள்ளி. வகுப்புகள், தேர்வுகள், சான்றிதழ், பெரிய வகுப்பு வரை உண்டு. வேறு சில மாநிலங்களில் சூரா என்ற சிறு தொழுகைக்கூடத்தின் ஓரத்தில் சில பலகைகளைப் போட்டு நடந்ததும் உண்டு. 1990 முதல் குர்ஆன், ஃபர்ளு ஐன் (ஒவ்வொரு முஸ்லிமுக்கும் உரிய அடிப்படைச் சமயக் கடமைகள்) வகுப்புகள் நாடு தழுவிய திட்டமாயின.

மாலை ஓதலைத்தான் நான் மிக நெருக்கமாகக் கேட்டிருக்கிறேன். எங்கள் தோட்டத்து எல்லையில் ஒரு கம்பம் இருந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் அந்தக் குரல்கள் சாக்கடையைத் தாண்டி வரும். முதலில் முக்கத்தாம் என்ற அரிச்சுவடி. பிள்ளைகள் வட்டமாகச் சம்மணமிட்டு உட்கார்வார்கள். ஓலை ஈர்க்கின் நுனியை எழுத்தின் மேல் வைத்து, 'அலிஃப் டி ஆத்தாஸ் ஆ, அலிஃப் டி பாவா ஈ, அலிஃப் டி டெப்பான் ஊ: ஆ, ஈ, ஊ' என்று ராகம் போட்டுச் சொல்வார்கள். எழுத்துக்கு மேலே குறி வந்தால் 'ஆ', கீழே வந்தால் 'ஈ', முன்னால் வந்தால் 'ஊ' என்று பொருள். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் மதரஸாப் பிள்ளைகள் 'அலிஃப் ஜபர் அ, அலிஃப் ஜேர் இ, அலிஃப் பேஷ் உ' என்று பாடுவது இதே பாடத்தைத்தான். ஈர்க்கு ஓர் எழுத்தைத் தாண்டிப் போய்விட்டால் குருவின் பிரம்பு பலகையில் 'டப்' என்று தட்டும். எல்லாக் குரலும் ஒரு நொடி நின்று மறுபடி தொடங்கும். கட்டணம் என்று பெரிதாக எதுவும் இல்லை. பிள்ளைகள் தண்ணீர் இறைத்து ஊற்றினார்கள், விறகு பிளந்தார்கள். பெற்றோர் அரிசியோ, தேங்காயோ, கொஞ்சம் காசோ கொடுத்தார்கள்.

குர்ஆன் முழுவதையும் ஒருமுறை ஓதி முடித்தால் கத்தாம் விழா. புளுத் என்ற ஒட்டரிசியில் சமைத்த மஞ்சள் சோறு ஒரு தட்டில் மலைபோலக் குவிந்திருக்கும். அதில் பூ செருகிய முட்டைகள் நிற்கும். பிள்ளைக்குப் புத்தாடை. கம்பமே கூடி உட்கார்ந்து கேட்கும். படித்து முடித்ததற்கு ஊரே கூடிச் சோறு போடுவது எனக்கு மிகவும் பிடித்த வழக்கம். பள்ளிச் சான்றிதழ் தபாலில் வந்து அலமாரிக்குள் போகும். கத்தாமுக்கோ பக்கத்து வீட்டுக்காரன் எல்லாம் சாட்சி.

நோன்பு மாதத்தில் பள்ளிச் சிற்றுண்டிச்சாலை வெறிச்சோடும். சின்ன வகுப்புப் பிள்ளைகள் மதியம் வரை நோன்பு பிடித்துவிட்டுத் தண்ணீர்க் குழாயடியில் மாட்டிக்கொள்வார்கள். ஒரு நாள் முழுக்கப் பிடித்தால் அப்பா சில்லறைக் காசு தருவார், மாதம் முடியும்போது பெருநாள் சட்டைக்கு மேல் அதுவும் கையில் நிற்கும்.

இந்த நினைவுகளுக்குள் ஒரு பிளவு இருக்கிறது. மலாய்க்காரர்களே அதைக் குறைவாகத்தான் பேசுகிறார்கள். எழுத்து மாறியதைச் சொல்கிறேன். முந்தைய தலைமுறை மலாய்மொழியை, அரபு எழுத்திலிருந்து வந்த ஜாவி எழுத்தில், வலமிருந்து இடமாக எழுதியது. ரூமி என்ற ரோமன் எழுத்தும் பள்ளியில் இருந்தது. ஆனால் வீட்டுக் கடிதம், நிலப்பத்திரம், கடைக் கணக்கு, செய்தித்தாள் எல்லாம் பெரும்பாலும் ஜாவி. 1939இல் தொடங்கிய உத்துசான் மெலாயு நாளிதழ் ஜாவியில்தான் வந்தது. 1963இன் தேசிய மொழிச் சட்டம் ரூமியை அதிகார எழுத்தாக்கியது. 1980களின் புதிய தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டத்தில் ஜாவியின் இடம் மேலும் சுருங்கியது. பிறகு அது பெரும்பாலும் சமய வகுப்பின் எழுத்தாக நின்றுவிட்டது.

அதாவது, ஸ்கின்னர் போட்ட மதியக் கோடு இப்போது எழுத்துக்கும் பொருந்தியது. காலைப் பள்ளிக்கு ரூமி, பிற்பகல் பள்ளிக்கு ஜாவி. தாத்தா எழுதி வைத்த நாட்குறிப்பைப் பேரன் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறான், சில வீடுகளில் அதுவும் இல்லை. இதை ஒரு பெரிய இழப்பாகவே நான் பார்க்கிறேன். நம் தமிழர்களில் தமிழ் எழுத்துத் தெரியாமல் வளர்ந்த பிள்ளைகளின் வீட்டில் நடப்பதும் இதுதான் என்பதால், அந்த வலி எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இதே ஜாவி 2019இல் நம் வாசலுக்கும் வந்தது. நான்காம் வகுப்பு மலாய்ப் பாடநூலில் ஜாவி எழுத்தழகு அறிமுகம் தமிழ், சீனப் பள்ளிகளிலும் சேர்க்கப்படும் என்ற அறிவிப்பு வந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் மூன்று பக்க அறிமுகமாக அது சுருங்கியது. பெற்றோரின் சம்மதம் இருந்தால்தான் தமிழ், சீனப் பள்ளிகளில் நடத்தலாம் என்றும் முடிவானது. கேட்காமல் திணித்தது தவறு என்ற கருத்தே எனக்கும். ஆனால் அந்த வாரங்களில் நம்மவர்கள் பலர் ஜாவியை ஏதோ அந்நியப் பொருளைப் போலப் பேசியது வருத்தமாக இருந்தது. பக்கத்து வீட்டுத் தாத்தா கடை பாக்கியை எழுதி வைத்த எழுத்து அது.

நினைவுகளின் தொனி 1970களோடு கொஞ்சம் மாறுவதையும் கவனிக்கலாம். 1967இல் ஐந்தாம் வகுப்பு மதிப்பீட்டுத் தேர்வு வந்தது. 1988இல் அது ஆறாம் வகுப்புக்கு மாறி யுபிஎஸ்ஆர் ஆனது. மலாய்க்காரர்களின் பொருளாதார நிலையை உயர்த்த அரசாங்கம் கொண்டுவந்த புதிய பொருளாதாரக் கொள்கைக் காலத்தில் விடுதிப் பள்ளிகள் பெருகின. மலாய்க்காரர்களின் முன்னேற்றத்துக்கான அரசு அமைப்பான மாராவின் முதல் இளநிலை அறிவியல் கல்லூரி 1972இல் சிரம்பானில் திறந்தது. தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்த கம்பத்துப் பிள்ளை பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் தகரப் பெட்டியோடு பேருந்து ஏறினான். அதற்குப் பிறகு விடுமுறைக்கு மட்டும்தான் வந்தான். ஆகவே அந்தத் தலைமுறையில் முன்னேறிய பலருக்குத் தொடக்கப்பள்ளிதான் கம்பத்தில் முழுசாக வாழ்ந்த கடைசிக் காலம். அவர்கள் ஆற்றையும் மரப்பாலத்தையும் சிக்குவையும் அத்தனை துல்லியமாக நினைவில் வைத்திருப்பதற்கு ஏக்கம் மட்டும் காரணம் இல்லை. அதற்குப் பிறகு அந்த ஊரில் அவர்களுக்கு நினைவு சேர நேரமே கிடைக்கவில்லை. வகுப்புப் படங்களும் மாறின. 60களின் படங்களில் பெண் பிள்ளைகள் பெரும்பாலும் தலையில் ஒன்றும் போடாமல் இரட்டைச் சடையோடு நிற்பார்கள். 80களுக்குப் பிறகு எடுத்தவற்றில் துடோங் என்ற தலைத்துணி கூடிக்கொண்டே போகும். சமய மறுமலர்ச்சி அலை கம்பத்துப் பள்ளி வரை வந்ததை அந்தப் படங்களை வரிசையாக வைத்தாலே பார்க்கலாம்.

தேசியப் பள்ளிக்குப் போன தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை வேறு பக்கத்திலிருந்து தெரியும். சமய வகுப்பு மணி அடித்ததும் மலாய்ப் பிள்ளைகள் ஒரு பக்கம் போவார்கள், மீதிப் பேர் நன்னெறி வகுப்புக்கு எழுந்து போக வேண்டும். மதியம் பள்ளி விட்டதும் நம் பிள்ளை விளையாட ஆள் தேடுவான். அவனுடைய கூட்டாளி அதற்குள் சொங்கோக் மாட்டிக்கொண்டு மறுபடியும் பள்ளிக்குக் கிளம்பியிருப்பான். சேர்ந்து விளையாடக் கிடைத்தது பிற்பகலின் அஸர் தொழுகைக்குப் பிறகு மஃரிப் வரைக்குமான அந்தச் சின்ன நேரம்தான். ஒரே வகுப்பில் ஆறு வருடம் படித்தும் நட்பு ஓர் எல்லைக்கு மேல் போகாததற்கு மனத்தை மட்டும் காரணம் சொல்ல முடியாது, கால அட்டவணையும் காரணம்.

யுபிஎஸ்ஆர் 2021இல் கைவிடப்பட்டது. இன்று கம்பத்துப் பள்ளியின் கவலை தேர்வு அல்ல, ஆள். 150 பிள்ளைகளுக்குக் குறைவாக இருந்தால் அது 'மாணவர் குறைந்த பள்ளி' என்ற வகையில் சேரும். இளம் பெற்றோர் ஷா ஆலம், பாங்கி, ஜொகூர் பாரு என்று வேலை தேடிப் போய்விட, கம்பத்துத் தேசியப் பள்ளிகள் பல இந்தப் பட்டியலில் இருக்கின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு ஆட்கள் வெளியேறியபின் தமிழ்ப்பள்ளிகளும் அதே பட்டியலில் நிற்கின்றன. பட்டணத்துக்குப் போன மலாய்ப் பெற்றோரில் ஒரு பகுதியினர் காலைப் பள்ளியையும் பிற்பகல் பள்ளியையும் ஒன்றாகச் சேர்த்து நடத்தும் தனியார் இஸ்லாமியப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். வேன் ஒருமுறை வந்தால் போதும், வேலைக்குப் போகும் தாய்க்கு மதியம் உடை மாற்றிவிடும் பாடு இல்லை. ஸ்கின்னரின் ஏற்பாட்டுக்கு முன்பு ஒரே கூரையின் கீழ் நடந்த படிப்பு இப்போது கட்டணத்தோடு ஒரே கூரைக்குத் திரும்பியிருக்கிறது. அந்தக் கட்டணத்தைக் கட்ட முடியாதவர்களின் பிள்ளைகள் இன்னமும் மதியம் உடை மாற்றிக்கொண்டு இரண்டாவது பள்ளிக்குப் போகிறார்கள்.